மெரூன் எந்தக் குடும்பம்

பஸ் டிப்போ வாசலில் நுழைந்ததும் வலது கைப்பக்கம், டீசல் பங்குக்கும் டயர் கிடங்குக்கும் நடுவில், நீளமாக ஓர் அறை. கதவில் 'தவறிய பொருள்கள்' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே யாரோ ஒரு கண்டக்டர் 'தவறிய மனிதர்கள் எதிரே கேண்டீனில்' என்று பெயின்டில் எழுதி வைத்தது, மூன்று முறை மேலே பூசியும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

அந்த அறையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவளை டிப்போவில் எல்லோரும் 'கிடைச்சிரும் அக்கா' என்றார்கள். அவளைவிடப் பத்து வயது பெரிய மேனேஜருக்கும் அவள் அக்காதான். குடையைத் தொலைத்தவர், எக்ஸ்ரே கவரைத் தொலைத்தவர், பல்செட்டைத் தொலைத்துவிட்டு என்ன தொலைந்தது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நிற்பவர், யாராக இருந்தாலும் அவள் முதலில் சொல்வது அதுதான்.

"கிடைச்சிரும். உக்காருங்க."

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைப்பார்கள். அவள் பார்த்தவரை பஸ்ஸில் விட்டதில் முக்கால்வாசி அந்த அறைக்கு வந்து சேர்ந்துவிடும். கண்டக்டர்கள் அத்தனை மோசமில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். தொலைத்தவர்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் சொல்வதில் பாதி தப்பு. கருநீலக் குடையைக் கருப்பு என்பார்கள். திங்கட்கிழமை விட்டதைச் செவ்வாய் என்பார்கள். வேலைக்குப் போகாத ஆளாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் தள்ளும். நாலு வருடம் உழைத்துத் தேய்ந்த பை, தொலைந்த மறுநிமிடம் புதுப் பை ஆகிவிடும். தொலைந்துபோன எதுவும் சின்னதாக இருந்ததே கிடையாது.

அறைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. மற்ற பிரிவுகளில் கழித்துப் போட்ட மெஷின் அது. அவளுடைய ஒரே மகள் அப்போது வெளியூரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவள் நாலு நாள் உட்கார்ந்து, பதிவேட்டில் இருந்ததை எல்லாம் ஒரே ஒரு டேட்டாபேஸ் ஃபைலுக்குள் போட்டு, அதில் தேடுவதற்கு பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்டும் எழுதி வைத்தாள். சர்வர் கிர்வர் ஒன்றும் இல்லை. ஸ்கிரிப்ட் ஓடும்போது டேட்டாபேஸும் அதற்குள்ளேயே ஓடும். ஸ்கிரிப்டை மூடினால் அதுவும் தூங்கிவிடும்.

அக்கா 'கருப்புக் குடை' என்று அடித்துப் பார்த்தாள். திரை நிறையக் கருப்புக் குடைகள்.

"கருப்புன்னு சொல்றவர் குடை கருநீலமா இருக்கும்டி. அது இதுல காணோமே?"

"நீ கருப்புன்னுதானே கேட்ட? கேட்டதைக் காட்டுது."

"நான் கேக்கிறதைக் காட்டி என்ன பண்றது? அவங்க தொலைச்சதைக் காட்டணும்."

மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள். டேட்டாபேஸுக்கு எண்ணத் தெரியும், கூட்டத் தெரியும், வரிசைப்படுத்தத் தெரியும். அதற்கு மேல் தெரியாததை நாமே பைத்தானில் ஒரு ஃபங்ஷனாக எழுதி, பெயர் வைத்து, 'இந்தா, இனிமேல் இதுவும் உனக்குத் தெரியும்' என்று அதன் கையில் கொடுத்துவிடலாம். அது தன் சொந்தச் சரக்கு மாதிரியே அதைப் பயன்படுத்தும். இதை மகள் விளக்கி முடிப்பதற்குள் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு நம்ம இடத்து வழக்கத்தைச் சொல்லிக் குடுக்கிறோமே, அது மாதிரி."

"அதேதான்."

"அப்ப எனக்கு எழுதக் கத்துக் குடு. நீ எழுதினா உன் வழக்கம் ஆயிரும்."

ஒரு வருடம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பாடம். எந்த வரியை எத்தனை இடம் தள்ளி ஆரம்பிக்க வேண்டும் என்பதில் பைத்தான் கறார் பேர்வழி. ஓரிடம் பிசகினால் வேலை செய்யாது. அக்கா அதற்கு வருத்தப்படவில்லை. கோட்டில் பஸ்ஸை நிறுத்தாத டிரைவர்களைத் தானும் அப்படித்தான் திட்டுவதாகச் சொன்னாள்.

முதலில் எழுதியது 'நிறக்குடும்பம்'. ஒரு நிறத்தைக் கொடுத்தால் அது எந்தக் குடும்பம் என்று சொல்லும். கருநீலம் கருப்புக் குடும்பம், சந்தனம் வெள்ளைக் குடும்பம், மெரூன் சிவப்புக் குடும்பம். யாராவது 'கருப்பு' என்றால் கருப்புக் குடும்பம் மொத்தமும் திரைக்கு வந்து நிற்கும். அடுத்தது 'நாள்தள்ளு'. அதற்கடுத்தது 'பெரிசாச்_சொன்னது'. ஒவ்வொன்றின் தலையிலும் கம்ப்யூட்டர் படிக்காத குறிப்பு வரி ஒன்று இருக்கும். 'பச்சைன்னு ஆம்பளை சொன்னா நம்பாதே, நீலமும் பார்.' 'அவசரத்தில் வருகிறவர் சொல்லும் நாள் சரி. நிதானமாக வருகிறவர் சொல்லும் நாள் தப்பு.'

தேடும் ஆள் இல்லாமல் கிடந்த பொருள்கள் நகர ஆரம்பித்தன. பாதிகூடப் போகாத இடத்தில் பத்துக்கு ஏழு உரியவர் கைக்குப் போயின. அக்கா யாரிடமும் பெருமை அடித்துக்கொள்ளவில்லை, வீட்டுக்காரரைத் தவிர.

அவர் அதே டிப்போவின் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் மெக்கானிக். மதியம் சாப்பிட அவள் அறைக்குத்தான் வருவார். எவ்வளவு கழுவினாலும் கிரீஸ் போகாத கையால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி, "இன்னிக்கு உன் மெஷினுக்கு என்ன புத்தி சொன்ன?" என்பார்.

"உங்களுக்குச் சொன்னதைத்தான். அது கேக்குது."

ஒரே குறை, மெஷின் கிழடு. பழைய பதிவு எதையும் அக்கா அழிக்கமாட்டாள். அறுபதாயிரம் வரி சேர்ந்துபோனது. ஒவ்வொரு தேடலுக்கும் அறுபதாயிரம் தடவை 'நிறக்குடும்பம்' ஓடியாக வேண்டும். கவுண்டரில் நிற்பவர் கால் மாற்றி நிற்க ஆரம்பித்தார். மகள் இதற்குள் படித்து முடித்து, தொலைவில் வேறொரு நகரத்தில் வேலையில் இருந்தாள். போனில் வழி சொன்னாள்.

"டேட்டாபேஸுக்கு ஒரு சத்தியம் பண்ணிக் குடும்மா."

"என்னன்னு?"

"இந்த ஃபங்ஷன் மாறாது, ஒரே கேள்விக்கு எப்பக் கேட்டாலும் ஒரே பதில்தான்னு. ஒரு வார்த்தை சேத்தாப் போதும். அப்புறம் அது ஒவ்வொரு பொருளுக்கும் பதிலை முன்கூட்டியே சீட்டு எழுதி அடுக்கி வச்சிக்கும். தேடுறப்ப ஃபங்ஷனை ஓட்டாது. சீட்டை மட்டும் பாக்கும்."

அந்தச் சீட்டு அடுக்குக்கு இண்டெக்ஸ் என்று பெயர். அக்கா சத்தியம் செய்தாள். கண்ணைச் சிமிட்டுவதற்குள் பதில் வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "மாறவே மாட்டேன்னா? கல்யாணத்தப்பகூட என்கிட்ட நீ அப்படி எழுதிக் குடுக்கலயே" என்றார்.

அதன் பிறகு ஒரு வருடம் 'நிறக்குடும்ப'த்தைத் தொடவேண்டிய அவசியம் வரவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மெரூன் சூட்கேஸ் ஒன்றைப் பிரவுன் சூட்கேஸ் என்று சொல்லி ஒருவர் அரைமணி நேரம் வாதாடினார். அந்த மாதத்தில் அப்படி மூன்றாவது ஆள். மெரூனைத் தொலைத்தவர்கள் சிவப்பு என்று சொல்வதே இல்லை, பிரவுன் என்றுதான் சொல்கிறார்கள் என்பது அக்காவுக்கு உறைத்தது. அன்று சாயங்காலமே ஸ்கிரிப்டைத் திறந்து மெரூனைச் சிவப்புக் குடும்பத்திலிருந்து எடுத்துப் பிரவுன் குடும்பத்தில் சேர்த்தாள். அடுத்த நாள் வந்த ஒரு மெரூன் தொப்பியைப் பதிந்து, 'பிரவுன்' என்று தேடிப் பார்த்தாள். வந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

அதற்கு மறுநாள், வியாழக்கிழமை, தையல்காரம்மா வந்தாள்.

ஐம்பதை நெருங்குகிறவள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. அதைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள்.

"பை போனாப் போகுது அக்கா. உள்ள என் அளவு நோட்டு இருக்கு. இருபத்திரண்டு வருஷ அளவு."

"கிடைச்சிரும். உக்காருங்க. எப்ப விட்டீங்க?"

"அதான் தெரியல. துணி எடுக்க, அளவெடுக்க, தைச்சதைக் குடுக்கன்னு நாளைக்கு நாலு பஸ் ஏறுறேன். இன்னிக்கு ஒருத்தர் பழைய அளவுலயே சட்டை வேணும்னு வந்தப்பதான் தேடினேன். போன வாரமா, இந்த வாரமா, ஒண்ணும் பிடிபடல."

"திரும்ப அளவெடுத்துக்க முடியாதா?"

தையல்காரம்மா விரலை மடக்கினாள். ஒரு பாட்டி படுக்கையில் இருக்கிறார், நிற்க வைத்து அளவெடுக்க முடியாது. இரண்டு பேர் வெளிநாட்டில் இருந்துகொண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பித் தைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தருக்கு இடது கை அரை இஞ்சு நீளம். அவருக்கே தெரியாது. நோட்டுல எழுதி வச்சு, சத்தமில்லாம அப்படியே தைச்சிருவேன். இப்ப மறுபடி டேப்பை எடுத்துட்டுப் போய் ரெண்டு கையையும் அளந்தா தெரிஞ்சிராதா அக்கா?"

அக்காவுக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போனது. தானும் அப்படித்தான், ஆட்களின் அரை இஞ்சுத் தப்பை அவர்களுக்குத் தெரியாமல் சரிசெய்து பிழைப்பவள்.

"என்ன கலரு?"

"பிரவுன். துணிப் பை. ஜிப் வச்சது."

பிரவுன் குடும்பத்தில் ஆறு பைகள் வந்தன. ஆறும் அவளுடையது இல்லை.

"மெரூனா இருக்குமோ?"

"மெரூன்னா என்னக்கா? பிரவுன்தான்."

அக்கா அதையும் அடித்துப் பார்த்தாள். அதே ஆறு பை. "இன்னும் வந்து சேரலபோல. புதன்கிழமை வாங்க, கிடைச்சிரும்."

தையல்காரம்மா புதன்கிழமை வந்தாள். அதற்கடுத்த புதனும் வந்தாள். வாரம் தவறாமல் வந்து, கவுண்டருக்கு முன்னால் இருந்த பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஒருநாள் அக்காவின் சீருடைக் கோட்டைப் பார்த்து, "இந்தக் கோட்டை யாருக்கு அளவெடுத்து உங்களுக்குப் போட்டுவிட்டாங்க?" என்று கேட்டாள். டிப்போ கொடுக்கும் கோட் எல்லோருக்கும் ஒரே அளவு. அக்கா அத்தனை வருடமும் கையை மடித்துத்தான் விட்டிருந்தாள்.

எட்டாவது தடவை வந்தபோது அக்கா 'கிடைச்சிரும்' என்பதற்குப் பதில் 'பாக்கலாம்' என்றாள்.

அந்த அறையில் ஒரு பொருள் தொண்ணூறு நாள்தான் இருக்கலாம். பிறகு மூட்டை கட்டிவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாரி வரும். துணியும் தாளும் கூழ் ஆலைக்குப் போகும். லாரி வருவதாக இருந்தது வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை, தையல்காரம்மா பதினான்காவது முறையாக வந்து நின்றாள். அக்கா தேடினாள். பிரவுன் பைகளில் ஒன்றும் அவளுடையது இல்லை.

"இங்க வரலம்மா" என்றாள் அக்கா.

தையல்காரம்மா தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று பெஞ்சில் உட்காரவில்லை. டீசல் போட வந்த கண்டக்டர் காதில் இது விழுந்து, கேண்டீன் வரை போய்விட்டது. கிடைச்சிரும் அக்கா 'வரல'ன்னு சொல்லிட்டாங்களாம். மதியம் வீட்டுக்காரர் ஒரு கேலியும் செய்யாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

பழைய நாளாக இருந்தால் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருப்பாள். மூட்டைகளைக் கையால் தடவியிருப்பாள். இப்போது மெஷின் இல்லை என்கிறது. அந்த மெஷினுக்கு இருக்கும் புத்தியில் பாதி அவள் கொடுத்தது. தன்னைத் தானே எப்படி நம்பாமல் இருப்பது?

வியாழக்கிழமை காலையில் ஒருவர் மகளுடைய பள்ளிக்கூடப் பையைத் தேடி வந்தார். சிவப்பு. அக்கா 'சிவப்பு, பை' என்று அடித்தாள். ஏழு வரி வந்தது. மூன்றாவது வரி அவருடைய பை. எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள். அவர் போன பிறகு திரையை மூடப் போனவளுக்குக் கை நின்றது. ஆறாவது வரி.

'துணிப் பை, மெரூன், ஜிப்பில் சிறிய பூட்டு. மூட்டை 17.'

மெரூன் சிவப்பில் இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு முன்னாலேயே அதை அங்கிருந்து கிளப்பியாகிவிட்டது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பதிந்த தேதி, அவள் ஃபங்ஷனை மாற்றிய செவ்வாய்க்கு முந்தின நாள்.

மகளுக்குப் போன் போட்டாள்.

"வேலையா இருக்கியா?"

"சொல்லும்மா."

"மெரூன் சிவப்புல வந்து உக்காந்திருக்கு."

"அது சிவப்புக் குடும்பம்தானே? அப்படித்தானே எழுதினோம்?"

"முதல்ல எழுதினது அப்படி. நான் மாத்திட்டேன். மூணு மாசமாச்சு."

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றது.

"என்கிட்ட சொல்லவே இல்ல?"

"உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? என் ஃபங்ஷன்."

"ம்மா. சத்தியம் பண்ணிக் குடுத்தோமே, ஞாபகம் இருக்கா?"

மகள் மேற்கொண்டு சொல்வதற்கு முன்பே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மாறமாட்டேன் என்று சொன்னாள், அது நம்பியது. திங்கட்கிழமை வந்த பைக்கு 'சிவப்பு' என்று சீட்டு எழுதி அடுக்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை அவள் மனசை மாற்றிக்கொண்டாள். அதன் பிறகு வந்த பொருள்களுக்குப் புதுச் சீட்டு. பழைய சீட்டை ஏன் அது திரும்பிப் பார்க்கப் போகிறது? பிரவுன் என்று கேட்டாலும், மெரூன் என்றே கேட்டாலும், பிரவுன் அடுக்கில்தான் தேடியது. பை பதினான்கு வாரமாகச் சிவப்பு அடுக்கில் உட்கார்ந்திருந்தது.

"தப்பு என்னோடதும்மா" என்றாள் மகள். "மாறாதுன்னு எழுதச் சொன்னது நான்தான். நீ மாத்துவேன்னு நினைக்கல."

"நானும்தான் நினைக்கல. அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப என்ன செய்யணும்?"

"பழைய சீட்டெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு முதல்ல இருந்து எழுதச் சொல்லணும். ஒரே வார்த்தை."

மகள் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அக்கா ஒற்றை விரலால் அடித்தாள். கிழட்டு மெஷின் கொஞ்ச நேரம் உறுமியது. பிறகு 'பிரவுன், பை' என்று தேடினாள். பூட்டுப் போட்ட பை முதல் வரியில் வந்து நின்றது.

பூட்டிய பையை உரியவர் இல்லாமல் திறக்கக் கூடாது என்பது விதி. அதனால்தான் உள்ளே இருந்தது எதுவும் பதிவில் ஏறவில்லை. அக்கா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பின்னால் கிடங்குக்குப் போனாள். கிடங்கு காலி. மூட்டைகளைக் காணோம்.

டயர் கிடங்குக்காரர் சொன்னார். "லாரி டிரைவருக்கு நாளைக்கு லீவு வேணுமாம். அதான் இன்னிக்கே வந்து ஏத்திட்டாரு. பிரேக் சத்தம் கேக்குதுன்னு ஒர்க்‌ஷாப்ல நிக்கிறாரு பாருங்க."

அக்கா ஓடவில்லை. ஓடிப் பல வருடம் ஆகிறது. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் நின்றவர்கள் அவள் அவ்வளவு வேகமாக நடந்து பார்த்ததில்லை. லாரிக்குக் கீழே இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் பக்கத்தில் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா குனிந்து கால்களிடம் சொன்னாள். "அந்த நோட்டு இதுக்குள்ள இருக்கு. பதினேழாவது மூட்டை. அடியில கிடக்கும். இறக்க நேரம் வேணும். பிரேக் சரியில்லன்னு சொல்லி நிறுத்தி வைங்க."



"நல்ல பிரேக்கைக் கெட்ட பிரேக்குன்னு நான் சொல்லமாட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. முப்பது வருட வேலையில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "ஆனா நாலு சக்கரத்தையும் கழட்டிப் பாக்காம நல்ல பிரேக்குன்னும் சொல்லமாட்டேன்."

டிரைவர், "ஒரு சக்கரத்துலதானே சத்தம்?" என்றார்.

"ஒண்ணுல கேக்குது. மத்தது மூணும் கேக்காம இருக்கலாம்ல?"

நாலு சக்கரமும் கழன்றன. அவர் அன்றைக்கு அத்தனை நிதானமாக வேலை செய்தார். டயர் கிடங்குக்காரரும் இரண்டு கண்டக்டர்களும் மூட்டைகளை இறக்கினார்கள். இறக்கும்போதே, மெரூன் என்று எழுதிய எல்லாவற்றையும் தனியாக வைக்கச் சொன்னாள் அக்கா. பதினேழாவது மூட்டையைப் பிரித்தபோது பை மேலேயே இருந்தது. ஜிப்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பூட்டு. நிறம் மெரூன். அதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது, தையல்காரம்மாவைத் தவிர.

முக்கால் மணி நேரத்தில் அவள் வந்துவிட்டாள். பூட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். "ஜிப் தானா திறந்துக்குதுன்னு எங்க வீட்டுக்காரர் மாட்டினது. சுத்தமா மறந்துட்டேன் அக்கா. சாவி எங்க இருக்குன்னு அவருக்கும் தெரியாது." பிரேக் மெக்கானிக் கட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். டக் என்று ஒரு சத்தம். சாக்பீஸ், கத்தரிக்கோல், அதற்கடியில் ரப்பர் பேண்ட் போட்ட தடித்த நோட்டு.

தையல்காரம்மா அதைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பு என் பேர்ல" என்றாள் அக்கா. "மெரூன் எந்தக் குடும்பம்னு நான் மனசை மாத்திக்கிட்டேன். மெஷின்கிட்ட சொல்லல. உங்க பை நீங்க வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே இங்க இருந்துருக்கு."

"எனக்கு ஒண்ணும் புரியல. நோட்டு கிடைச்சிருச்சு, விடுங்க." அவள் எழுந்து கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். "நில்லுங்க. கையைத் தொங்கப் போடுங்க."

"எதுக்கு?"

"பதினாலு வாரமா இந்தக் கோட்டைப் பாத்துப் பாத்து எனக்குத் தூக்கம் வரல."

கவுண்டருக்குப் பின்னால், இரண்டு கண்டக்டர்கள் வேறு பக்கம் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அளவெடுத்தாள். நோட்டின் புதுப் பக்கத்தில் எழுதினாள். பெயர் கேட்கவில்லை. மேலே 'கிடைச்சிரும் அக்கா' என்று போட்டுக்கொண்டாள்.

அன்று பிற்பகல் அக்கா இன்னொரு வேலை செய்தாள். அந்த மூன்று மாதத்தில் பிரவுன் என்றோ மெரூன் என்றோ கேட்டு வெறுங்கையோடு போனவர்களை விசாரணைப் பதிவிலிருந்து எடுத்தாள். பத்தொன்பது பேர். ஐந்து பேருடைய பொருள் தனியாக வைத்த குவியலில் இருந்தது. ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். ஒருவர் தன் தோல் பர்ஸை மறந்தே போயிருந்தார். "நான் அதைத் தொலைச்சதாவே நினைக்கலயே" என்றார். "கிடைச்சிருச்சு, வந்து வாங்கிட்டுப் போங்க" என்றாள்.

ஸ்கிரிப்டைத் திறந்து 'நிறக்குடும்ப'த்தின் தலையில் ஒரு வரி சேர்த்தாள். 'நான் மாறினால் சீட்டையும் மாற்று.' சத்தியத்தை எடுத்துவிடலாமா என்று மகள் கேட்டதற்கு, "வேண்டாம், வேகமா இருக்கு. நான் பாத்துக்கிறேன்" என்றாள். பார்த்துக்கொள்ளவும் செய்தாள். அதன் பிறகு நாலு தடவை மனசை மாற்றிக்கொண்டாள். நாலு தடவையும் சீட்டுகள் புதிதாகின.

பத்து நாளில் கோட் வந்தது. தோளில் உட்கார்ந்தது. கையை மடிக்க வேண்டியிருக்கவில்லை. இடது பக்கம் பேனாவுக்கு ஒரு பை, வலது பக்கம் சாவிக்கொத்துக்கு ஆழமாக ஒரு பை. வீட்டுக்காரர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மேனேஜர் மாதிரி இருக்க" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் புகழ்ச்சி வராது. இரண்டு வருடம் அந்தக் கோட்டைத்தான் போட்டாள். புதன்கிழமைகளில் தையல்காரம்மா அந்த வழியாகப் போனால் உள்ளே வந்து பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருவாள். தேட ஒன்றும் இல்லாதபோதும்.

பிறகு அக்காவுக்குப் பதினொரு நாள் ஆஸ்பத்திரி. ஒரு திங்கட்கிழமை காலை போய்விட்டாள்.

மகள் மூன்று வாரம் கழித்து டிப்போவுக்குப் போனாள். மேஜை டிராயரைக் காலி செய்தாள். ஒரு கண்ணாடிக் கூடு, இரண்டு பேனா, யாரும் தேடி வராத ஒரு பல்செட். அந்த இடத்துக்கு வந்திருந்த புதியவர், தேடல் நன்றாக வேலை செய்கிறது, எதையும் மாற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகள் மாற்றவில்லை. ஸ்கிரிப்டை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். 'அவசரத்தில் வருகிறவர் சொல்லும் நாள் சரி.' மூடிவிட்டு அப்பாவைப் போய்ப் பார்த்தாள். அவர் ஒரு பஸ்ஸுக்கு அடியில் இருந்தார். வெளியே வர நேரம் எடுத்துக்கொண்டார். அவள் காத்திருந்தாள்.

சாயங்காலம் தையல்காரம்மாவின் கடைக்குப் போனாள். இரண்டு மெஷின் போட்ட சின்னக் கடை. தையல்காரம்மா ஒன்றும் கேட்காமல் நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி அவள் முன்னால் வைத்தாள்.

"போனவங்க பக்கத்துல குறுக்கே ஒரு கோடு போட்டுருவேன். இது இன்னும் போடலம்மா."

மகள் படித்தாள். கிடைச்சிரும் அக்கா. தோள் பதினாலரை. உயரம் முப்பத்தாறு. கை இருபத்தொண்ணு. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில்: வலது கை கால் இஞ்சு கூட.

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"நான் ஏன் சொல்றேன்?"

மகள் சிரித்துவிட்டாள். மூன்று வாரத்தில் முதல் தடவை.

"இந்த அளவுல ஒரு கோட் தைக்கணும்க்கா."

"யாருக்கு?"

"எனக்கு."

"உனக்குத் தொளதொளன்னு இருக்கும். எந்திரி, உன் அளவை எடுக்கிறேன்."

"வேண்டாம். இதே அளவு."

தையல்காரம்மா பென்சிலை எடுத்து, கோடு போட வேண்டிய இடத்தில் அன்றைய தேதியையும் 'கோட் - ஒன்று' என்பதையும் எழுதினாள்.

"வலது கை கால் இஞ்சு கூடவா?"

"அதையும் விட்டுராதீங்க."